எழுத்தைத் தின்னாத வெளிக்கோடு: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

படத்தின் மேல் எழுதும் எழுத்துக்கு வெளிக்கோடு இடுவதைப் பற்றிச் சொல்லிவைத்தாற்போல் ஏழு கடிதங்கள் வந்திருப்பதால், இம்முறை இப்பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டோம். டி.டி.பி. கடைகளில் அவுட்லைன் என்றும், போட்டோஷாப்பில் ஸ்ட்ரோக் என்றும், கைப்பேசிச் செயலியில் பழகியவர்கள் பார்டர் என்றும் சொல்வதெல்லாம் இந்த வெளிக்கோட்டைத்தான்.

கேள்வி: எங்கள் ஊர்க் கோயிலின் பங்குனி விழாவுக்காக ‘வெண்ணெய்த்தாழி உற்சவம்’ என்ற தலைப்புடன் ஒரு சுவரொட்டி தயாரித்தேன். பின்னணியில் கோபுரத்தின் ஒளிப்படம். வெள்ளை எழுத்து படத்தோடு கலந்து மங்கியதால், கிம்ப் மென்பொருளில் எழுத்திலிருந்து பாதை எடுத்து, எழுத்துக்கு மேலே ஒரு புது லேயரில், அதாவது படத்தின் மேல் விரிக்கும் கண்ணாடித்தாள் போன்ற அடுக்கில், 12 பிக்சல் கறுப்புக் கோடு இட்டேன். எழுத்து மெலிந்து, புள்ளிகள் மறைந்து, தலைப்பு ‘வெணணெயததாழி’ என்று ஆகிவிட்டது. கோடு இட்டதே தவறா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: கோடு இட்டதில் தவறில்லை, அதை இட்ட இடம்தான் தவறு. எழுத்திலிருந்து நீங்கள் எடுத்த பாதை என்பது எழுத்தின் ஓரத்தை ஒட்டிச் செல்லும், பருமனே இல்லாத ஒரு கோடு. அதற்கு 12 பிக்சல் பருமன் கொடுக்கும்போது மென்பொருள் அந்த ஓரத்தையே நடுவாகக் கொண்டு, 6 பிக்சலை வெளிப்பக்கமும் 6 பிக்சலை உட்பக்கமும் பகிர்ந்துவிடுகிறது. வெளியே போன பாதி உங்களுக்கு வேண்டியது. உள்ளே வந்த பாதி எழுத்தைத் தின்றுவிட்டது. உங்கள் எழுத்துருவில் ஓர் எழுத்தின் கால், அதாவது நிமிர்ந்த கோடு, 18 பிக்சல் பருமன் என்று வைத்துக்கொண்டால், இரண்டு பக்கமும் 6 பிக்சல் போய் மிஞ்சுவது 6 பிக்சல்தான். புள்ளியின் விட்டம் 12 பிக்சல் என்றால் மிஞ்சுவது ஒன்றுமே இல்லை. ஆங்கில எழுத்தில் இந்த விபத்து நடந்தால் எழுத்து சற்று இளைத்ததுபோல் தெரியும், அவ்வளவுதான். தமிழில் ‘ண்’, ‘ய்’, ‘த்’ மூன்றும் அகரம் ஏறிய எழுத்துகளாகிவிடுவதால் சொல்லே மாறிவிடுகிறது.

இதற்கு மாற்று எளிது. கோட்டை எழுத்துக்குப் பின்னால் வைத்துவிட வேண்டும். நீங்கள் கோடு இட்ட லேயரை லேயர் பட்டியலில் எழுத்து லேயருக்குக் கீழே இழுத்து வைத்தாலே போதும். உட்பக்கப் பாதியை எழுத்து மறைத்துக்கொள்ளும், வெளிப்பக்கப் பாதி மட்டும் கண்ணுக்குத் தெரியும். தெரிய வேண்டிய பருமனைப் போல் இருமடங்கு எண்ணைக் கொடுக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்: வெளியே 12 பிக்சல் வேண்டுமென்றால் 24 என்று கொடுக்க வேண்டும். கோடு இடும்போது திறக்கும் உரையாடல் பெட்டியிலேயே கோடுகள் சந்திக்கும் மூலையின் வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதியும் இருக்கிறது. அதில் வட்டமான மூலையைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் கூர்மையான மூலைகளில் கோடு முள்ளாக நீட்டிக்கொண்டு நிற்கும்.

பாதையே எடுக்காமல் செய்யும் வழியும் ஒன்று உண்டு, கிம்பின் 2.10 பதிப்பு வரை பெரும்பாலோர் அதைத்தான் பின்பற்றினார்கள். எழுத்து லேயரின் மேல் வலச்சொடுக்கி ‘ஆல்ஃபா டு செலக்‌ஷன்’ என்பதை அழுத்தினால், எழுத்தின் வடிவம் அப்படியே தெரிவாகிவிடும். செலக்ட் பட்டியில் உள்ள ‘க்ரோ’ என்பதைக் கொண்டு அந்தத் தெரிவை 8 அல்லது 10 பிக்சல் விரித்து, படத்தின் முழு அளவில் ஒளிபுகும் புது லேயர் ஒன்றை எழுத்துக்குக் கீழே அமைத்து, அதில் தெரிவை வண்ணத்தால் நிரப்ப வேண்டும். எழுத்து லேயரின் சிறிய எல்லைக்குள்ளேயே நிரப்பப் பார்த்தால் வெளிக்கோட்டின் ஓரங்கள் கத்தியால் வெட்டியதுபோல் நறுக்கென்று முடிந்துவிடும் என்பதால்தான் முழு அளவு லேயர் என்று அழுத்திச் சொல்கிறோம். இந்த வழியில் விளிம்பு சில நேரம் சற்றுப் பிசிறாக வரும். பெரிய அச்சுக்குப் பாதை வழியே மேல்.

2025 மார்ச்சில் வெளியான 3.0 பதிப்பை நிறுவியிருந்தால் வேலை இன்னும் குறையும். எழுத்துக் கருவியின் அமைப்புகளிலேயே, நிரப்பிய எழுத்து, கோடு மட்டும் உள்ள எழுத்து, இரண்டும் சேர்ந்த எழுத்து என்று மூன்று வகை கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பதிப்பில் அங்கேயும் கோடு ஓரத்தின் நடுவில்தான் அமர்கிறது, ஆகவே உங்கள் புள்ளிக்கு அதே கதி நேரும். அதைவிட ‘டிராப் ஷேடோ’ என்ற நிழல் வடிகட்டியைக் கொஞ்சம் ஏமாற்றிப் பயன்படுத்துவது நல்லது. நிழலின் கிடை, நெடு விலக்கங்களைச் சுழியமாக்கி, மங்கலை 1 ஆகக் குறைத்து, ஒளிபுகாமையை 1 ஆக உயர்த்தி, ‘க்ரோ ரேடியஸ்’ என்பதில் 10 கொடுத்தால், நிழல் நகராமல் எழுத்துக்குப் பின்னாலேயே நின்று கெட்டியான வெளிக்கோடாகிவிடும். 3.0 பதிப்பில் இந்த வடிகட்டி எழுத்தைப் படமாக மாற்றிவிடாது. ‘உற்சவம்’ என்பதைப் பிறகு ‘திருவிழா’ என்று திருத்தினாலும் கோடு புதிய எழுத்துக்கு ஏற்பத் தானே மாறிக்கொள்ளும். 2.10 பதிப்பில் அந்த வசதி இல்லையென்பதால், அங்கே எழுத்து லேயரின் நகல் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

கேள்வி: போட்டோஷாப்பில் ஸ்ட்ரோக் இட்டு முடித்த தலைப்பைப் பிறகு பெரிதாக்கினேன். எழுத்து வளர்ந்தது, கோடு வளரவில்லை. ஏன்?
– வாசகி, திருப்பூர்

பதில்: ஸ்ட்ரோக் என்பது எழுத்தின் பகுதியன்று, லேயருக்கு அணிவித்த பாணி; அதன் அளவு பிக்சல் எண்ணாகத் தனியே நிற்கும். எழுத்தின் அளவு 60-லிருந்து 180 ஆனாலும் 5 பிக்சல் கோடு 5 பிக்சலாகவே இருக்கும். லேயர் பட்டியில் லேயர் ஸ்டைலுக்குள் இருக்கும் ‘ஸ்கேல் எஃபெக்ட்ஸ்’ என்பதில் 300 சதவீதம் கொடுத்தால் கோடு எழுத்தைப் பிடித்துவிடும். முழுப் படத்தையும் பெரிதாக்குவதாக இருந்தால், இமேஜ் சைஸ் பெட்டியில் உள்ள பற்சக்கரக் குறியை அழுத்தி ‘ஸ்கேல் ஸ்டைல்ஸ்’ என்பது தேர்வாகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தலைப்பின் அளவை நாளுக்கொரு முறை மாற்றச் சொல்லும் வாடிக்கையாளர் வாய்த்திருந்தால், எழுத்து லேயரை ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக மாற்றிவிடுவது மனநிம்மதிக்கு நல்லது. அதன்பின் கோடும் எழுத்தும் சேர்ந்தே வளரும், சேர்ந்தே சுருங்கும்.

கேள்வி: வெளிக்கோடு எத்தனை பிக்சல் இருக்க வேண்டும் என்பதற்கு ஏதேனும் கணக்கு உண்டா? ஒருவர் 3 என்கிறார், ஒருவர் 20 என்கிறார்.
– பள்ளி ஆசிரியர், சேலம்

பதில்: இருவரும் தத்தம் படத்தை மனத்தில் வைத்துச் சொல்லியிருப்பார்கள். பிக்சல் எண் மட்டும் தனியே எதையும் சொல்லாது. அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற கணக்கில் அமைந்த ஏ4 தாளில், அதாவது 2480-க்கு 3508 பிக்சல் படத்தில், 8 பிக்சல் கோடு அச்சில் ஏறத்தாழ 0.7 மில்லிமீட்டர் வரும். கையில் பிடித்துப் படிக்கும் துண்டறிக்கைக்கு அது தாராளம். அதே 8 பிக்சலை, அங்குலத்துக்கு 72 பிக்சல் என்று அமைத்த 10-க்கு 8 அடி ஃப்ளெக்ஸில் இட்டால் 2.8 மில்லிமீட்டர் வரும். எண்ணைக் கேட்டால் பெரிதுபோல் இருந்தாலும், சாலைக்கு எதிர்ப்புறம் நிற்பவர் கண்ணுக்கு அப்படி ஒரு கோடு இருப்பதே தெரியாது.

ஆகவே எண்ணை விட்டுவிட்டு எழுத்தையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். எழுத்தின் காலை, அதாவது ‘ப’ அல்லது ‘ம’வின் நிமிர்ந்த கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்து, அதன் பருமனில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை வெளிக்கோட்டுக்குக் கொடுப்பது எங்கள் வழக்கம். கால் 30 பிக்சல் என்றால் கோடு 8 முதல் 10 வரை. பின்னணி மிகவும் இரைச்சலாக, கூட்டமும் மரக்கிளையும் விளக்குத் தோரணமுமாக இருந்தால் காலின் பாதிவரைகூடப் போகலாம்.

அந்த அளவை வைத்த பிறகு தமிழுக்கென்று ஒரு சோதனை உண்டு. மன்னார்குடி வாசகரின் சொல்லையே எடுத்துக்கொள்வோம். ‘வெ’யின் கொம்பு தொடங்கும் இடத்தில் ஒரு சிறிய சுழி இருக்கிறது, அதற்குள் ஒரு சின்னக் கண். ‘ண’வின் சுழிகளுக்குள்ளும் அதுபோல் கண்கள் உண்டு. கோடு எழுத்துக்குப் பின்னால் இருந்தாலும், அந்தக் கண்களுக்குள் நாற்புறமிருந்தும் நெருங்கி வரும். கண் முழுவதும் கறுப்பால் அடைபட்டுவிட்டால் குறையொன்றுமில்லை, ஏனென்றால் வெள்ளை எழுத்தின் வடிவம் சிதையாமல் நிற்கிறது. கண் நன்றாகத் திறந்திருந்தாலும் குறையில்லை. இரண்டுக்கும் நடுவே, கறுப்பின் மையத்தில் பின்னணி வண்ணம் ஒரு துளி மட்டும் எட்டிப்பார்த்தால்தான் எழுத்தில் தூசி ஒட்டியதுபோல் அசிங்கமாக இருக்கும். அப்படி நேர்ந்தால் கோட்டை ஓரிரு பிக்சல் கூட்டி அந்தத் துளியை மூடிவிடுங்கள், அல்லது பின்னால் உள்ள லேயரில் தூரிகையால் ஒரு பொட்டு வைத்து அடைத்துவிடுங்கள்.

இரண்டு வரித் தலைப்புகளில் வேறொரு சிக்கல் உண்டு. மேல் வரியில் ‘கு’, ‘ழு’ போன்றவற்றின் வால்கள் கீழே இறங்க, கீழ் வரியின் புள்ளிகளும் ‘ீ’யின் சுழிகளும் மேலே ஏற, இரண்டும் முட்டிக்கொள்ளும். வரிகள் தனித்தனி லேயர்களாக இருந்தால் மேலிருக்கும் லேயரின் கறுப்புக் கோடு மற்ற வரியின் வெள்ளை எழுத்தின் மேலேயே ஏறிவிடும். இரண்டு வரிகளையும் ஒரே எழுத்து லேயரில் அடித்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. அப்படி முடியாதபோது, போட்டோஷாப்பில் இரண்டையும் ஒரே குழுவில் போட்டு, குழுவுக்கே ஸ்ட்ரோக் கொடுக்கலாம். 2012-இல் வந்த சி.எஸ்.6 பதிப்பு முதல் அந்த வசதி இருக்கிறது.

எல்லாம் முடிந்தபின் படத்தைத் திரையில் 10 சதவீதத்துக்குச் சுருக்கி, நாற்காலியைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். அப்போது படிக்க முடிகிறது என்றால் அந்த அளவே சரியான அளவு.

கேள்வி: யூடியூப் சிறுபடங்களில் மஞ்சள் எழுத்து, அதைச் சுற்றிக் கறுப்பு, அதையும் சுற்றி வெள்ளை என்று இரட்டைக் கோடு போடுகிறார்களே, அது எப்படி?
– வாசகர், பெங்களூரு

பதில்: போட்டோஷாப் சி.சி. 2015 முதல் ஸ்ட்ரோக்கின் பக்கத்தில் ஒரு கூட்டல் குறி இருக்கிறது. அதை அழுத்தினால் இரண்டாவது ஸ்ட்ரோக் வரும். இரண்டின் அளவும் எழுத்தின் ஓரத்திலிருந்துதான் கணக்கிடப்படும் என்பதால், கறுப்புக்கு 8 என்றால் வெள்ளைக்கு 14 கொடுத்துப் பட்டியலில் கறுப்புக்குக் கீழே வைக்க வேண்டும்; வெளியே 6 பிக்சல் வெள்ளை தெரியும். இரண்டுக்கும் 8 கொடுத்துவிட்டு வெள்ளை எங்கே என்று தேடுவோர் பலர். கிம்பில் நிழல் வடிகட்டியை அதே லேயருக்கு இரண்டாம் முறை பயன்படுத்தினால் போதும், அது முதல் கோட்டையும் சேர்த்து எழுத்தாகவே எடுத்துக்கொள்வதால் அங்கே வெள்ளைக்கு 6 மட்டும் கொடுக்க வேண்டும். 1280-க்கு 720 அளவுள்ள சிறுபடம் கைப்பேசியில் கட்டைவிரல் அளவுக்குத்தான் தெரியும் என்பதால், மூன்றாவது கோட்டுக்கு ஆசைப்பட வேண்டாம்.

கேள்வி: வாகனங்களுக்கு ஸ்டிக்கர் வெட்டும் தொழில் செய்கிறேன். இன்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் தமிழ் எழுத்தைப் பாதையாக மாற்றி, உள்ளே நிரப்பாமல் வெறும் கோடாக வைத்தால், சில எழுத்துகளின் வயிற்றுக்குள் தேவையில்லாத கோடுகள் தெரிகின்றன. வெட்டும் இயந்திரமும் அந்த இடத்தில் வெட்டிவிடுகிறது.
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: எழுத்துருவை வடித்தவர் உயிர்மெய்க் குறியைத் தனி வடிவமாக வரைந்து, மெய்யின் மேல் சற்று ஏறி அமரும்படி வைத்திருப்பார். ‘ழி’ என்பதில் மேலே வளையும் விசிறி அப்படித்தான் ‘ழ’வின் மேல் படிந்திருக்கும். நிரப்பிய எழுத்தில் இந்த ஒட்டு தெரியாது. வெறும் கோடாக்கியவுடன் இரண்டு வடிவங்களின் ஓரங்களும் ஒன்றன் குறுக்கே ஒன்றாகத் தெரிந்துவிடும். போட்டோஷாப்பின் ஸ்ட்ரோக் எழுத்தின் நிழலுருவத்தை மட்டுமே பார்ப்பதால் அங்கே இது தலைகாட்டாது, பாதையை நம்பும் மென்பொருள்களில்தான் காட்டும்.

மாற்று: எழுத்தை ‘ஆப்ஜெக்ட் டு பாத்’ மூலம் பாதையாக்கி, அதன் குழுவைக் கலைத்து, எல்லா வடிவங்களையும் தேர்ந்தெடுத்துப் பாத் பட்டியில் உள்ள ‘யூனியன்’ என்பதை அழுத்துங்கள், படிந்திருந்த வடிவங்கள் ஒன்றாக உருகி உட்கோடுகள் மறைந்துவிடும். எழுத்துக்கு வெளியே கரையுடன் வெட்ட வேண்டுமென்றால், ஒன்றாக்கிய வடிவத்தின் நகலை ‘அவுட்செட்’ கொண்டு விரித்துக் கீழே வைத்துக்கொள்ளலாம். பாதையாக மாறிய எழுத்தைப் பிறகு தட்டச்சில் திருத்த இயலாது என்பதால், மூல எழுத்தைப் பக்கத்துக்கு வெளியே ஓரமாக விட்டுவைப்பது நல்ல பழக்கம். வெட்டுக்கன்றி அச்சுக்கோ திரைக்கோ மட்டும் வேண்டுமென்றால், இவ்வளவும் தேவையில்லை. ஃபில் அண்ட் ஸ்ட்ரோக் பலகத்தின் ஸ்ட்ரோக் ஸ்டைல் பகுதியில் கோட்டை நிரப்பலுக்குப் பின்னால் வைக்கும் வரிசையைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

கேள்வி: நீலப் பின்னணியில் மஞ்சள் எழுத்தும் அதற்குச் சிவப்பு வெளிக்கோடும் இட்டேன். கணினியில் கூர்மையாகத் தெரிந்தது, வாட்ஸ்அப்பில் அனுப்பியதும் சிவப்பு கசங்கிப்போனது.
– வாசகி, நாகர்கோவில்

பதில்: ஜேபெக் கோப்பு ஒளியளவை ஒவ்வொரு பிக்சலுக்கும் பதிந்துகொண்டாலும், நிறத்தைப் பெரும்பாலும் நான்கு பிக்சலுக்கு ஒன்றாகத்தான் பதிகிறது. முகத்திலும் வானத்திலும் இந்தச் சிக்கனம் கண்ணுக்குத் தெரியாது. சிவப்பும் நீலமும் ஒளியளவில் நெருங்கியவை, நிறத்தில் மட்டுமே வேறுபட்டவை என்பதால், இரண்டும் சந்திக்கும் மெல்லிய கோட்டில் அது அப்பட்டமாகத் தெரிந்துவிடுகிறது. வாட்ஸ்அப் ஒளிப்படமாக அனுப்பப்படும் எதையும் மறுபடியும் சுருக்குவதால் கசங்கல் இரட்டிப்பாகிறது.

கோப்பை பி.என்.ஜி.யாகச் சேமித்து, ஒளிப்படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள். ஜேபெக்தான் வேண்டுமென்றால், கிம்பின் ஏற்றுமதிப் பெட்டியில் நிறச் சுருக்கத்தை 4:4:4 என்று, அதாவது ஒவ்வொரு பிக்சலுக்கும் நிறத்தைப் பதியும்படி, மாற்றிவையுங்கள். ஆனால் உங்கள் படம் ஊர் முழுக்கக் குழுக்களில் ஒருவர்விட்டு ஒருவர் கைமாறப்போகிறது என்றால், இந்த ஏற்பாடெல்லாம் முதல் ஆளோடு முடிந்துவிடலாம். சிவப்பை விட்டுவிட்டுக் கறுப்புக்கோ மிகக் கருத்த அரக்குக்கோ மாறுவதே நடைமுறைக்கு ஒத்த வழி.

கேள்வி: திருமண அழைப்பிதழில் பெயர்களுக்கு மெல்லிய வெள்ளை வெளிக்கோடு அழகாக இருக்குமா? அட்டை சிவகாசியில் ஆஃப்செட்டில் அச்சாகிறது.
– வாசகர், விருதுநகர்

பதில்: திரையில் அழகாக இருக்கும். வழக்கமான நான்கு வண்ண ஆஃப்செட் அச்சில் வெள்ளை என்று ஒரு மை இல்லை; கோடு இருக்கும் இடத்தில் மை படாமல் விட்டால்தான் தாளின் வெண்மை தெரியும். சுற்றிலும் உள்ள மைகள் தாளில் சற்றே பரவும் இயல்புடையவை, மைக்கு ஒன்றாக உள்ள நான்கு அச்சுத் தகடுகளில் ஒன்று மயிரிழை நகர்ந்தாலும் அந்த வெண்மையில் ஒரு பக்கம் நிறம் ஏறிவிடும். பல ஆண்டுகளுக்கு முன் உறவினர் ஒருவரின் அழைப்பிதழுக்கு அரக்குப் பின்னணியில் பொன்னிற எழுத்தை வைத்து, அதைச் சுற்றி 2 பிக்சல் வெள்ளைக் கோடு இட்டுக் கொடுத்தேன். 300 பிக்சல் கணக்கில் அது 0.17 மில்லிமீட்டர்தான். அச்சாகி வந்த 500 அட்டைகளில், மணமகன் பெயரின் இடப்பக்கம் கோடு இருந்தது, வலப்பக்கம் இல்லை. அச்சகத்தாரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவ்வளவு மெல்லிய கோட்டை வரைந்தவன் நான்.

வெள்ளைக் கோடுதான் வேண்டுமென்றால் அரை மில்லிமீட்டருக்குக் குறையாமல், அதாவது 6 பிக்சலாவது வையுங்கள். பெயரின் எழுத்து அதைத் தாங்கும் அளவுக்குப் பெரிதாக இல்லையென்றால் கோட்டைக் கைவிட்டு, பின்னணியைக் கருமையாக்கிப் பொன்னிறத்தை வெளிறச் செய்யுங்கள். முகவரியும் முகூர்த்த நேரமும் எழுதும் சிறிய எழுத்துகளுக்கு எந்த நிறத்திலும் வெளிக்கோடு வேண்டாம். அவற்றை ஒற்றைக் கறுப்பு மையில், வெறும் எழுத்தாகவே விட்டுவிடுங்கள்.